குகை மனிதன் என்று ஏசுமுன்

சென்ற வாரம் பத்துமலைப் படிகளில் ஏறும்போது, முன்னால் தாவிச் சென்ற தம்பியைப் பார்த்து என் அக்காவின் மூத்த மகன் "குகை மனுஷன் மாதிரி ஓடாதேடா" என்று அதட்டினான். அறிவும் ஒழுங்கும் இல்லாதவர் என்ற பொருளில் நாம் எல்லாரும் அந்தச் சொல்லைக் கையாள்கிறோம். நம் நாட்டு அகழாய்வுகளை ஓரளவேனும் படித்தவர் அப்படிக் கையாளக் கூசுவார் என்பது என் எண்ணம்.

பேராக் மாநிலம் லெங்கோங்கில் உள்ள குனோங் ருந்தோ குகையில், 1991இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் சுரைனா மஜித் தலைமையிலான குழு, ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முந்திய ஓர் ஆணின் எலும்புக்கூட்டைத் தோண்டி எடுத்தது. அவருடைய இடக்கை விரல் எலும்புகளில் பிறவிக் குறை இருந்தது. அப்படியும், வேட்டையாடிப் பிழைத்த அந்தக் கூட்டத்தில் அவர் நாற்பது வயதைத் தாண்டி வாழ்ந்திருக்கிறார். இறந்தபின் கால்களை மடக்கிக் கிடத்தி, கல்லாயுதங்களையும் இறைச்சியையும் ஆயிரக்கணக்கான ஆற்று நத்தைகளையும் உடன் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். அத்தனை நத்தைகளையும் ஆற்றில் இறங்கிப் பொறுக்கிக் குகைவரை சுமந்து வந்தவர்களை ஒழுங்கற்றவர் என்று எந்த வாயால் சொல்வது?

அக்கால மக்கள் அனைவரும் குகையிலேயே குடியிருந்தார்கள் என்பதும் சரியன்று. மழைக்காட்டின் புளிப்பு மண் எலும்பைக் கரைத்துவிடும். சுண்ணாம்புக்கல் குகையின் காரத்தன்மையோ அதைக் காத்து வைக்கும். ஆற்றங்கரையிலோ மரத்தடியிலோ குடில் கட்டி வாழ்ந்தவர்களின் தடயம் அழிந்துபோக, குகையில் தங்கியவர்களும் புதைக்கப்பட்டவர்களுமே நம் கண்ணில் படுகிறார்கள். அதே லெங்கோங் பள்ளத்தாக்கில், கோத்தா தம்பானில் இருந்த கல்லாயுதப் பட்டறை திறந்த வெளியில்தான் இயங்கியது. சரவாக்கின் நியா குகையில் 1958இல் கிடைத்த, ஏறத்தாழ 40,000 ஆண்டு பழைமையான மண்டையோடும் குகை காத்துக் கொடுத்ததே.

லெங்கோங் 2012இலும் நியா 2024இலும் உலக மரபுச் சின்னங்களாயின. ஆனால் பட்டியலில் இடம்பெறாத சுண்ணாம்புக் குன்றுகள் எத்தனையோ. கல்லுக்காக அக்குன்றுகளை உடைத்து, உள்ளிருக்கும் தடயங்களை அழிப்போரை மட்டும் குறைசொல்ல மாட்டேன். ஒரு காலத்தில் தோட்டத்து எருவுக்காக வௌவால் எச்சத்தை வாரியவர்களும் குகைத் தரையைக் கலைத்தவர்களே. பத்துமலையிலும் 19ஆம் நூற்றாண்டில் அப்படி வாரினார்கள். அந்த எருவோடு யாருடைய எலும்பு எந்தக் காய்கறித் தோட்டத்துக்குப் போயிற்றோ!