தாதாவின் காதலி என்பதற்கு முன்னால் அவள் ஒரு சம்பளக்காரி

1920களின் நியூயார்க் கிளப்களில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் அவ்வப்போது சமூக வலைத்தளங்களில் சுற்றி வருகின்றன. மணி கோத்த குட்டைப் பாவாடை, கழுத்தோடு வெட்டிய முடி, கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்பு. மேலே "தாதாவின் காதலி" என்று எழுதியிருப்பார்கள். கீழே கருத்துகளில், பணத்துக்கும் பகட்டுக்கும் ஆசைப்பட்டுப் போனவள் என்று தீர்ப்பே எழுதிவிடுவார்கள். வில்லனின் கிளப்பில் ஆடிவிட்டுக் கடைசி ரீலில் கதாநாயகனுக்காகக் குண்டு வாங்கிச் சாகும் பெண்ணைச் சினிமாவில் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதனால் இந்தத் தீர்ப்பு சட்டென்று வந்துவிடுகிறது. எனக்கோ கோபம் வருகிறது. அவள் யாரைக் காதலித்தாள் என்று தோண்டுவதற்கு முன்னால், யாரிடம் சம்பளம் வாங்கினாள் என்று கேளுங்கள்.

1920 ஜனவரி 17 முதல் அமெரிக்கா முழுவதும் மதுவைத் தயாரிப்பதும் விற்பதும் கொண்டுபோவதும் குற்றம். குடிப்பது குற்றமில்லை. ஆக, குடிக்கிறவர்கள் அப்படியே இருந்தார்கள், விற்கிறவர்கள்தான் மாறினார்கள். இசைக்குழு, ஆட்டம், விளக்கு என்று ஒரு விடுதி நடத்தும் செலவைச் சாப்பாட்டு லாபம் தாங்காது. ஒயினும் ஷாம்பெய்னும்தான் அதைத் தாங்கிக்கொண்டிருந்தன. சட்டத்துக்குக் கட்டுப்பட்ட பெரிய உணவகங்கள் ஒவ்வொன்றாகப் படுத்தன. 90 வருஷத்துக்கும் மேல் பெயர் வாங்கிய டெல்மானிக்கோஸே 1923-இல் மூடப்பட்டது. அந்த இடத்துக்கு வந்தது யார்? சரக்கைக் கடத்திக் கொண்டுவரத் தெரிந்தவன், போலீசுக்கு மாமூல் கொடுக்கத் தெரிந்தவன், போட்டிக்காரனை மிரட்ட ஆள் வைத்திருந்தவன். இரவு கிளப்பில் ஆடிப் பிழைக்க நினைத்த பெண்ணுக்கு வாய்த்த முதலாளிகள் இவர்கள்தான். நியூயார்க்கின் நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயில் நாடகங்கள் இருந்தன, உண்மைதான். ஆனால் நாடகம் ஊற்றிக்கொண்டால் வேலை போச்சு. கிளப்பில் தினமும் ஆட்டம் உண்டு.

ரூபி கீலரை எடுத்துக்கொள்ளுங்கள். கனடாவில் நோவா ஸ்கோஷியா பக்கம் பிறந்தவர். அப்பா நியூயார்க்கில் ஐஸ் கம்பெனி லாரி ஓட்டியவர். வீட்டில் ஆறு பிள்ளைகள். 1923-இல், வயதைக் கூட்டிச் சொல்லித்தான் அந்தச் சிறுமி ஒரு பிராட்வே நாடகத்தின் குரூப் டான்ஸில் சேர்ந்தார். வாரம் 45 டாலர். அந்த வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய பணம் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்து அவர் போய்ச் சேர்ந்த இடம் 45-வது தெருவிலிருந்த எல் ஃபே கிளப்.

அது ஒரு சின்னக் கூடம். மேசைகளை நெருக்கிப் போட்டிருப்பார்கள். ஆடுவதற்கென்று மிஞ்சுவது கொஞ்சம் இடம்தான், பெண்கள் வாடிக்கையாளர்களின் முழங்காலை உரசுகிற மாதிரிதான் ஆட வேண்டும். நடுவில் நின்று "ஹலோ, சக்கர்!" (வாடா ஏமாளி!) என்று காசுள்ளவர்களை வரவேற்பவர் கிளப்பின் தொகுப்பாளினி டெக்சாஸ் கைனன். முதலாளி லேரி ஃபே, டாக்சிகள் ஓட்டியும் கனடாவிலிருந்து மது கடத்தியும் பணம் சேர்த்தவர். மதுவிலக்கு அதிகாரிகள் வந்து பூட்டுப் போடுவார்கள். ஒரு வருஷம் வரைக்கும் இடத்தைப் பூட்டிவைக்கச் சட்டத்தில் வழி இருந்தது. கைனனும் முதலாளியும் வேறு தெருவில் வேறு பெயரில் திறப்பார்கள், பெண்களும் அங்கே போவார்கள். வேறு எங்கே போவார்கள்?

பதின்வயது தாண்டாத ரூபியை ஜானி காஸ்டெல்லோ என்ற ரவுடியின் பெண் என்று பிராட்வே முழுக்கச் சொன்னது. 1928-இல் அவர் தன்னைவிட இருபது வயதுக்கும் மேல் மூத்த பாடகர் ஆல் ஜோல்சனைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்தக் கதையை இன்றைக்குச் சொல்பவர்களும் காஸ்டெல்லோ எப்படி விட்டுக்கொடுத்தார் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ரூபி என்ன நினைத்தார் என்ற பேச்சு கடைசியில் வரும், அல்லது வரவே வராது.

இதே எல் ஃபேயில் ஆடிய இன்னொருவர் ஜார்ஜ் ராஃப்ட். பீர் கடத்தலில் கொடிகட்டிப் பறந்த ஓனி மேடனின் பால்ய நண்பர். அவருக்காக வண்டியும் ஓட்டியவர். ஹாலிவுட் போனார், 1932-இல் 'ஸ்கார்ஃபேஸ்' படத்தில் காசைச் சுண்டிக்கொண்டே நிற்கும் அடியாளாக நடித்துப் பெரிய நட்சத்திரம் ஆனார். நிஜ ரவுடிகளோடு பழகியவர் என்பது அவருடைய கவர்ச்சியாகவே ஆனது. ஒரே கிளப், ஒரே முதலாளி, ஒரே தொழில். ஆணுக்குக் கிடைத்தது பட வாய்ப்பு, பெண்ணுக்குக் கிடைத்தது கெட்ட பெயர். என் கோபத்தின் மையம் இதுதான்.

"பிடிக்கவில்லை என்றால் விலகியிருக்கலாமே, போலீசிடம் போயிருக்கலாமே" என்று கேட்பவர்களுக்கு ஹாட்ஸி டாட்ஸி கிளப்பைக் காட்டுகிறேன். 1929 ஜூலையில் அங்கே நடந்த துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். சந்தேகம் 'லெக்ஸ்' டயமண்ட் என்ற பெரிய ரவுடி மீதும் அவரது கூட்டாளி மீதும். பார்த்த ஊழியர்களில் சிலர் கொல்லப்பட்டார்கள், சிலர் காணாமலே போனார்கள். சாட்சி இல்லாமல் வழக்கு விழுந்தது. இதையெல்லாம் பேப்பரில் படித்துவிட்டு மறுநாள் ஆடப் போக வேண்டிய பெண் யாரிடம் போய் என்ன சொல்வாள்?

டயமண்டோடு பழகிய ஆட்டக்காரி கிகி ராபர்ட்ஸை மறந்துவிட்டு இதை எழுத முடியாது. 1931 டிசம்பரில் ஒரு வழக்கில் விடுதலையான இரவு டயமண்ட் கிகியைப் பார்த்துவிட்டுப் போனார். விடிவதற்குள் ஆல்பனியில், தங்கியிருந்த அறையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கிகிக்கு அவர்மேல் ஆசை இருந்திருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. கேங்ஸ்டரைக் காதலித்த பெண்கள் உண்டு. ஆனால் எல்லா ஆட்டக்காரிகளையும் அந்த ஒரு கணக்கில் சேர்ப்பது அநியாயம்.

சட்டப்படி பார்த்தாலும் இந்த வாதம் நின்றிருக்கிறது. 1929-இல் டெக்சாஸ் கைனனை நீதிமன்றத்தில் நிறுத்தியபோது, தான் வந்தவர்களை மகிழ்விக்கும் கலைஞர், மது விற்றதில்லை என்றார். ஜூரி விடுவித்தது. ஒரு ஜூரியால் பிரித்துப் பார்க்க முடிந்ததை நாம் நூறு வருஷம் கழித்தும் பார்க்க மறுக்கிறோம்.

1933 டிசம்பர் 5-இல் மதுவிலக்கு போனது. முதலாளிகள் போகவில்லை. நியூயார்க்கில் கறுப்பினத்தவர் வாழ்ந்த ஹார்லம் பகுதியில் மேடனின் காட்டன் கிளப்பில் மேடையில் கறுப்பினத்தவர், மேசைகளில் வெள்ளையர். அந்த வருஷம்தான் 16 வயது லீனா ஹார்ன், பின்னாளில் உலகமே அறிந்த பாடகி, வாரம் 25 டாலருக்கு அங்கே ஆடச் சேர்ந்தார். இவளை விட்டுவிடுங்கள் என்று கேட்கப்போன அவருடைய மாற்றாந்தகப்பனைக் கிளப் ஆட்கள் அடித்து, தலையைக் கழிப்பறைத் தொட்டிக்குள் அமுக்கினார்கள். அதன்பிறகு அந்தக் குடும்பம் ஊரைவிட்டே கிளம்ப வேண்டியிருந்தது. லீனா ஒரு இசைக்குழுவில் பாடகியாகச் சேர்ந்து வேறு ஊர்களுக்குப் போய்ப் பாடத் தொடங்கினார்.