மூன்று இருக்கை காலி, ஆனால் இரண்டு கிடையாது!

லண்டனில் ஒரு பெரிய இசை அரங்கம். பெயர் வேண்டாம், விடுங்கள். ஒரு சிம்பனி ஆர்கெஸ்ட்ரா அங்கே ரஷ்ய இசையமைப்பாளர் ராக்மானினாஃபின் இரண்டாவது பியானோ கான்செர்ட்டோவை (பியானோவுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் சேர்த்து எழுதிய இசை) வாசிக்கிறது. என் மகள் நான்கு வருடமாகப் பியானோ படிக்கிறாள். அவளுக்கு அதைக் கேட்டால் மட்டும் போதாது, பார்க்க வேண்டும்.

காரணம் இருக்கிறது. எட்டு கனத்த கார்ட்ஸ் (பல ஸ்வரங்களை ஒன்றாக அமுக்குவது), பியானோ மட்டும் தனியாக, அப்படித்தான் அது தொடங்கும். ராக்மானினாஃபுக்கு ராட்சசக் கை. சின்னக் கைக்காரர்கள் பலர் அந்த ஸ்வரங்களை ஒரே அமுக்காக அமுக்க முடியாமல் ஒன்றன்பின் ஒன்றாக உருட்டித்தான் வாசிப்பார்கள். "இந்தப் பியானிஸ்ட் என்ன பண்றாருன்னு பாக்கணும்பா" என்கிறாள்.

விரல் தெரிய வேண்டுமானால் அரங்கின் இடப்பக்கம் உட்கார வேண்டும். கட்டைகள் அந்தப் பக்கம்தான் இருக்கும். வலப்பக்கம் போனால் வாசிப்பவர் முகத்தைத்தான் பார்க்கலாம். மேடைக்குப் பின்னால் மலிவு இருக்கைகள் உண்டு. ஆனால் பியானோவின் மூடி ஒலியை எதிர்ப்பக்கம் தள்ளிவிடுவதால் பக்கத்து வீட்டில் வாசிப்பது மாதிரி கேட்கும்.

காலை பத்து மணிக்கு விற்பனை. ஐந்து நிமிடம் முன்பே உட்கார்ந்துவிட்டேன். "உங்களுக்கு முன்னால் 2,314 பேர்." ரேஷன் கடை வரிசையென்றால் முன்னால் நிற்பவரோடு சண்டையாவது போடலாம். இங்கே ஒரு பச்சைக் கோடு ஊர்வதை 48 நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே போனதும் அடுத்த கடிகாரம்: பத்து நிமிடத்துக்குள் வாங்கு, இல்லாவிட்டால் வெளியே போ.

இடப்பக்கம், ஏழாம் வரிசை, சேர்ந்தாற்போல் மூன்று இருக்கை! இரண்டைத் தொட்டேன். சிவப்பு எழுத்து: 'ஒற்றை இருக்கையைத் தனியே விட்டுவைக்க முடியாது.' இந்த ஓரம், அந்த ஓரம், எப்படித் தொட்டாலும் அதேதான்.

ஏனய்யா, ஒற்றை இருக்கை விற்காது என்று யார் சொன்னது? நானே எத்தனை வருடம் தனியாகப் போயிருக்கிறேன்! சிம்பனிக்குத் தனியாக வருகிறவர்கள்தான் எவ்வளவு பேர்!

போன் செய்தேன். காத்திருக்கச் சொல்லிவிட்டு அவர்கள் போட்ட இசை என்ன தெரியுமா? அதே கான்செர்ட்டோவின் இரண்டாம் பகுதி, தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல. இருபது நிமிடம். அதற்குள் கணினி என்னை வெளியே தள்ளிவிட்டது.

1897-ல் முதல் சிம்பனி மண்ணைக் கவ்வியதும் ராக்மானினாஃப் மனம் உடைந்து, எழுத ஓடாமல் கிடந்தார். நிக்கோலாய் டால் என்ற மருத்துவர் அவரைத் தேற்றினார்; அந்த நன்றிக்குத்தான் இந்தக் கான்செர்ட்டோவையே அவருக்குச் சமர்ப்பித்தார். டிக்கெட் வாங்குகிறவனைத் தேற்ற எந்த டாக்டர் டால் வருவார்?

ஒருவழியாக ஒரு பெண் எடுத்தார். ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார். "சிஸ்டம் அனுமதிக்காது சார். வேண்டுமானால் மூன்றையும் வாங்கிக்கொள்ளலாமே?"

மறுபடி வரிசையில் நின்று உள்ளே போனேன். அந்த மூன்றும் அப்படியே இருந்தன. இருக்காதா பின்னே, ஜோடியாக வந்த ஒருத்தருக்கும்தான் கொடுக்க மாட்டார்களே!

ஆளுக்கு 48 பவுண்டு. அதற்கு மேல் முன்பதிவுக் கட்டணம் 4 பவுண்டு. எதற்கு என்று கேட்காதீர்கள், டிக்கெட்டை அச்சடிப்பதும் நான்தான். மொத்தம் 148.

ஆமாம், மூன்றையும் வாங்கிவிட்டேன். மூன்றாவது இருக்கையில் எங்கள் கோட்டுகள் உட்காரும். 48 பவுண்டு கொடுத்திருக்கிறேன், அவையும் நன்றாகக் கேட்கட்டும்.