‘சின்னப் பசங்க கேம்’ என்று ஒதுக்கியவர்களுக்கு

முந்தாநாள் வந்த அந்த விமர்சனப் பதிவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பாதிப் பேர் கீழே சிரிப்புப் பொம்மையும் போட்டிருந்தீர்கள். சண்டை இல்லை, சாவு இல்லை, ஒரே நாளில் முடிந்துவிடுகிறது, சின்னப் பசங்க கேம், காசு தண்டம் என்று அதில் எழுதியிருந்தது. ‘ஸ்னஃப்கின்: மெலடி ஆஃப் மூமின்வேலி’ என்ற வீடியோ கேமைப் பற்றி இவ்வளவுதான் சொல்ல இருந்ததா? பேசாமல் போய்விடலாம் என்றுதான் இரண்டு நாள் இருந்தேன், முடியவில்லை.

சீக்கிரம் முடிகிறது, சரி. நாலைந்து மணி நேரம்தான், நான் மறுக்கவில்லை. விலை கூடுதல் என்கிறீர்களா, அதுவும் சரி, தள்ளுபடி வரும்போதுதான் நானே வாங்கினேன். ஆனால் ‘சின்னப் பசங்க’ என்ற சொல்லை ஒரு குற்றச்சாட்டு மாதிரி எழுதியிருக்கிறீர்களே, அதுதான் தாங்கவில்லை.

இந்த விளையாட்டுக்கு மூலம் மூமின் கதைகள், மூமின்கள் என்ற கற்பனைப் பிராணிகளின் குடும்பத்தைப் பற்றியவை. அவற்றை எழுதிப் படமும் வரைந்தவர் பின்லாந்தைச் சேர்ந்த டூவே யான்சன். போர்க்காலத்தில் எழுதத் தொடங்கியவர், முதல் புத்தகம் 1945இல் வந்தது. அதில் காணாமல்போன அப்பாவைத் தேடி அம்மாவும் பிள்ளையும் அலைகிறார்கள், வெள்ளம் வருகிறது. அடுத்த ஆண்டு வந்த கதையில் வால்நட்சத்திரம் ஒன்று பூமியை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. குழந்தைகளுக்கு எழுதுகிறோம் என்பதால் அவர் பயத்தை மறைக்கவில்லை. பயப்படுகிறவர்களுக்குச் சாப்பாடு போட ஒரு வீட்டையும் கதைக்குள் வைத்தார், அவ்வளவுதான்.

நார்வேயின் ஹைப்பர் கேம்ஸ் நிறுவனம் 2024 மார்ச்சில் கொண்டுவந்த இந்த விளையாட்டு அதை அப்படியே பிடித்திருக்கிறது. குளிர்காலம் முழுக்க ஊர் சுற்றிவிட்டு வசந்தத்தில் ஸ்னஃப்கின் என்ற நாடோடி மூமின்கள் வாழும் பள்ளத்தாக்குக்குத் திரும்பி வருகிறான். நண்பன் மூமின்ட்ரோலைக் காணவில்லை, பள்ளத்தாக்கெங்கும் பூங்காக் காவலர் வேலி போட்டுப் பூங்காக்களாக்கி, அதைச் செய்யாதே இதைச் செய்யாதே என்று பலகை நட்டு வைத்திருக்கிறார். போலீஸ்காரர்கள் கண்ணில் படாமல் உள்ளே போய் ஒவ்வொரு பலகையாகப் பிடுங்க வேண்டும். மாட்டினால் வெளியே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள், மறுபடி உள்ளே போகலாம். இதைத்தான் ‘சவாலே இல்லை’ என்கிறீர்கள். ஏழு வயதுப் பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு புதருக்குப் பின்னால் காத்திருப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

என் மகள் அப்படித்தான் விளையாடினாள். பலகை மண்ணை விட்டு வரும்போது இவளும் பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பையே பின்னால் இழுப்பாள். கடைசிப் பலகையும் போய் அந்தப் பூங்கா பழையபடி வெட்டவெளியானதும் விளையாட்டை அப்படியே நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் ஸ்னஃப்கினை இங்கேயும் அங்கேயும் நடக்கவிட்டுக்கொண்டே இருந்தாள். “ஏன்டி, அடுத்த இடத்துக்குப் போகலையா?” என்றேன். “இரும்மா, இப்பதானே நடக்க முடியுது” என்றாள். உங்கள் விமர்சனத்தில் இந்த நிமிடத்துக்கு எத்தனை மதிப்பெண்?

‘அம்மா என்கிற பாசத்தில் பேசுகிறாய், விமர்சனம் வேறு’ என்று யாராவது சொல்வீர்கள். சொல்லுங்கள். பெரியவர்கள் விளையாடும்போது வருகிற உணர்ச்சியெல்லாம் விமர்சனம், ஒரு பிள்ளைக்கும் அம்மாவுக்கும் வருவது மட்டும் பாசம், அப்படித்தானே? ஐஸ்லாந்தின் சிகூர் ரோஸ் குழு இதற்கு இசையில் கை கொடுத்திருக்கிறது. மவுத் ஆர்கன் வாசித்துத்தான் ஸ்னஃப்கின் வழி கேட்கிறான், பிராணிகளைத் தன் பக்கம் இழுக்கிறான். அதைப் பற்றி உங்கள் பதிவில் ஒரு வரிகூட இல்லை. எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று மட்டும் கணக்குப் பார்த்திருக்கிறீர்கள். வெளிநாட்டில் பாராட்டி எழுதியவர்களிலும் பலர் ‘இதமானது, எளிமையானது’ என்று தலையைத் தடவிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். ஒருவன் அதிகாரத்தின் பலகைகளைப் பிடுங்கி எறிகிற கதை எப்படி வெறும் இதமாகிவிடும்?

எங்கள் குடியிருப்புப் பூங்காவிலும் ஒரு பலகை இருக்கிறது. பந்து விளையாடக் கூடாது, சைக்கிள் ஓட்டக் கூடாது, புல்லை மிதிக்கக் கூடாது. மூன்று வருடமாக அதைத் தாண்டித்தான் நடக்கிறேன், ஒரு நாளும் நின்று படித்ததில்லை. விளையாட்டை முடித்த மறுநாள் சாயங்காலம் மகள் அதன் முன்னால் நின்று ஒவ்வொரு வரியாக எழுத்துக்கூட்டிப் படித்தாள். அப்புறம் என்னைப் பார்த்து, “இதையும் பிடுங்கலாமா அம்மா?” என்று மெதுவாகக் கேட்டாள். போன மாதம் இவள் பந்து ஒரு காரில் பட்டதற்கு வாட்ஸ்அப் குழுவில் என்னை எத்தனை பேர் என்னவெல்லாம் கேட்டார்கள் என்பது எனக்குத்தான் தெரியும். அன்றைக்கு நான் மன்னிப்புக் கேட்டேன். பந்தைப் பிடுங்கிப் பரண் மேல் போட்டேன்.

சங்கக் கூட்டம் இந்த ஞாயிற்றுக்கிழமை. அந்தப் பலகையை எடுக்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன். பந்தை நேற்றே இறக்கிக் கொடுத்துவிட்டேன், காற்று குறைந்திருந்தது, அடித்துவிட்டோம்.