தடை விலகினால் மட்டும் போதாது

'எச்எல்ஏ வகுப்பு 1 புரதம் இல்லாத எந்த உயிரணுவையும் இயற்கைக் கொல்லி உயிரணுக்கள் அழித்துவிடும்' என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இது பாதிதான் சரி. எச்எல்ஏ வகுப்பு 1 என்பது நம் உடலின் பெரும்பாலான உயிரணுக்களின் மேல் இருக்கும் அடையாளப் புரதம்; இயற்கைக் கொல்லி உயிரணு என்பது நோயுற்ற உயிரணுக்களை அழிக்கும் ஒருவகை வெள்ளையணு. அந்த அடையாளப் புரதம் இல்லாதபோது கொல்லி உயிரணுவைத் தடுக்கும் சமிக்ஞைதான் விலகுகிறது. தாக்குவதற்குத் தூண்டும் சமிக்ஞையும் வேண்டும். வைரஸ் தொற்றிய அல்லது புற்றாக மாறிய உயிரணுவின் மேல் தோன்றும் மைக்-ஏ புரதத்தை, கொல்லி உயிரணுவின் மேலுள்ள என்கேஜி2டி ஏற்பி (சமிக்ஞையைப் பெறும் புரதம்) பற்றும்போது, அதோடு இணைந்த டேப்10 புரதம் வழியாக அந்தச் சமிக்ஞை உள்ளே செல்கிறது.

சான்று நம் இரத்தத்திலேயே ஓடுகிறது. முதிர்ந்த சிவப்பணுக்களில் அந்த எச்எல்ஏ மிகமிகக் குறைவு. ஆனாலும் கொல்லி உயிரணுக்களுக்கு நடுவே சுமார் 120 நாள் வாழ்கின்றன. நோயெதிர்ப்பியல் பாடநூலில் தூண்டும் ஏற்பிகள் பகுதியைப் பாருங்கள். யூனிபுரோட் என்ற புரதத் தரவுத்தளத்தில் என்கேஜி2டி என்று தேடியும் சரிபார்க்கலாம், இலவசம்தான்.