உண்மை விளக்கம்: "கத்தோலிக்கர் நற்செயலால் நீதிமானாகிறார்கள்" என்ற ஃபார்வர்டு தவறு

குன்னூர், கோத்தகிரி பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "நற்செயல்களால் தானே நீதிமானாகலாம் என்பதே கத்தோலிக்கப் போதனை. விசுவாசத்தால் என்று சொல்லும் சபைகளுக்கு இன்றும் அவர்கள் சாபம் நீடிக்கிறது." இரண்டு பாதியும் தவறு. (நீதிமானாவது என்றால், கடவுள் முன் நீதியுள்ளவராக ஏற்கப்படுவது.)

1547-இல் கத்தோலிக்க ஆயர்களின் திரெந்து பொதுச்சங்கம் இது பற்றி இயற்றிய முதல் விதியே, கிறிஸ்து வழி வரும் இறையருள் இல்லாமல் தம் செயல்களால் ஒருவர் நீதிமானாகலாம் என்பதைக் கண்டிக்கிறது. கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 1996-ஆம் பத்தியும் (ஆண்டு அல்ல, பத்தி எண்தான்) அருளையே முதலில் சொல்கிறது.

சாபம்? 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் மார்ட்டின் லூத்தர் வழிவந்த சபைகளின் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதியால் அல்ல, அருளால் மட்டுமே, கிறிஸ்துவின் மீதான விசுவாசத்தில் கடவுள் நம்மை ஏற்கிறார். தூய ஆவி நம்மை நற்செயலுக்கு அழைக்கிறார் என்பது அதன் சாரம். இப்படி விளக்கப்பட்ட போதனைக்குப் இரு தரப்பும் ஒருவர் மீது ஒருவர் விதித்த பழைய கண்டனங்கள் பொருந்தாது என்றும் அது சொல்கிறது. 2006-இல் இன்னொரு புராட்டஸ்டண்ட் பிரிவான மெதடிஸ்டுகளும் அதில் இணைந்தார்கள். நீதிமானான பின்னும் ஒருவர் பாவிதானா என்பது போன்ற வேறுபாடுகள் மிச்சமுண்டு. அறிக்கை அவற்றை மறைக்கவில்லை.

ஃபார்வர்டில், விசுவாசத்தால் மட்டுமல்ல, செயல்களாலும் மனிதர் நீதிமானாகிறார் என்று சொல்லும் யாக்கோபு 2:24-ஐ மட்டும் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். கெட்டிக்காரத்தனம்தான். முந்தைய வசனத்தில், ரோமர் 4:3-இல் பவுல் காட்டும் அதே ஆபிரகாம் வாக்கியத்தை (ஆபிரகாம் கடவுளை விசுவாசித்தார், அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது) யாக்கோபும் காட்டுகிறார்.

கூட்டறிக்கை முழுதும் வத்திக்கான் இணையதளத்தில் கிடைக்கிறது. அம்மா வீடு ஆர்.சி., அப்பா வீடு சி.எஸ்.ஐ. என்ற குடும்பங்கள் இந்த மலையில் நிறைய. தயவுசெய்து அந்தச் செய்தியை மேலும் அனுப்பாதீர்கள்; அனுப்பியிருந்தால் அதே குழுவில் இதைப் போடுங்கள்.