தூக்குச்சட்டி இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது

களி விஷயத்தில் இதற்கு மேல் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை இங்கே போட்ட நாலு வரிக்கு வந்த பதில்களிலேயே போதும் போதும் என்றாகிவிட்டது. ஆனால் நேற்று ராத்திரி ஒருவர் 'சகோதரரின் வைராக்கியத்துக்காக ஸ்தோத்திரம்' என்று எழுத, அதற்குக் கீழே வரிசையாக ஆமென் விழுந்திருக்கிறது. ஆமென் போட்டவர்களில் பாதிப் பேர் எங்கள் வீட்டில் கை நனைத்தவர்கள். இனியும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் நானும் ஆமென் சொன்னதாகத்தான் கணக்கு.

சனிக்கிழமை திருவாதிரை. மாடிவீட்டு அக்கா வழக்கம்போல் தூக்குச்சட்டியில் களி கொடுத்துவிட்டுப் போனார். பண்டிகைக்கு வந்து தங்கியிருந்த மனைவி வழிச் சொந்தக்காரர்தான் அந்தச் 'சகோதரர்'. சாமிக்குப் படைத்தது என்று அதை என் பிள்ளைகள் பார்க்கக் குப்பைக் கூடையில் கவிழ்த்தார். களியோடு சேர்த்துச் சாப்பிடுகிற தாளகக் குழம்பை மறந்துவிட்டேனே என்று கிண்ணத்தோடு திரும்பி வந்த அக்கா, வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டார். "சரி தங்கச்சி, பொறவு வாறேன்" என்று மட்டும் என் மனைவியிடம் சொல்லிவிட்டுப் படியேறிப் போனார். இவ்வளவுதான் நடந்தது. "ஒரு கிண்ணம் களிக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று கேட்டவர்களுக்கு என் பதில்: ஆமாம், ஒரு கிண்ணம் களிக்குத்தான்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. கொடுக்கிற கை மட்டும்தான் கிறிஸ்தவனின் கை என்று எப்போது முடிவு செய்தீர்கள்? வாங்குகிற கை யாருடையது?

டிசம்பர் 24 அன்று எங்கள் வீட்டிலிருந்து இருபத்திரண்டு தட்டுகள் போயின. முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, கல்கல், ஒரு துண்டு பிளம் கேக். (முந்திரிக்கொத்தில் முந்திரி எங்கே என்று ஒவ்வொரு வருஷமும் யாராவது கேட்பார்கள். இல்லை. பாசிப்பயறும் கருப்பட்டியும்தான்.) தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனதில் இதே சகோதரரும் உண்டு. அதற்கு நாலு நாள் முன்பு கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிக்கொண்டு வீடு வீடாகப் போகிற எங்கள் கீத பவனி தெருவுக்குள் வந்தபோது மணி ராத்திரி பதினொன்றரை. தூக்கத்திலிருந்து எழுந்து கதவைத் திறந்து, இரண்டு பாட்டு முடியும்வரை சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்று கேட்டு, காணிக்கைப் பெட்டியில் நூறு ரூபாய் போட்டவர் அந்த மாடிவீட்டு அக்கா. அந்த நூறு ரூபாயை யாரும் குப்பையில் போட்டதாக எனக்குத் தகவல் இல்லை. பணத்துக்குத் தீட்டில்லை, களிக்குத்தான் தீட்டு போல.

இதைப் படித்ததும் வசனம் எடுத்துக்கொண்டு வருவீர்கள், தெரியும். வந்தும்விட்டீர்கள். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம், பத்தாம் அதிகாரம், இருபத்தெட்டாம் வசனம். விக்கிரகத்துக்குப் படைத்தது என்று தெரிந்தால் சாப்பிடாதே என்கிறது. சரி. அதற்கு முந்தின இருபத்தேழாம் வசனத்தையும் ஒரு தடவை வாசித்துவிட்டு வாருங்கள். உன் முன்னால் வைப்பதை ஒன்றும் விசாரிக்காமல் சாப்பிடு என்று அதே பவுல்தான் சொல்கிறார். அக்கா "இது படைத்தது" என்று சொல்லவில்லை. "சூடா இருக்கு, பிள்ளைகளுக்குக் குடுங்க" என்றார். விசாரித்தவர் சகோதரர்தான். அப்படியே படைத்ததாக இருந்தாலும், சாப்பிடாதே என்றுதானே இருக்கிறது? கொடுத்தவள் படியேறுவதற்குள் குப்பையில் கொட்டு என்று எந்த அதிகாரத்தில் இருக்கிறது? மூடி வைத்திருக்கலாம். எனக்குப் பசியில்லை என்றிருக்கலாம். இருபத்தெட்டுக்கு இன்னும் ஆழமான வியாக்கியானம் உண்டு என்று ஒரு போதகர் உள்பெட்டியில் எழுதியிருந்தார். இருக்கலாம் ஐயா. எனக்கு இப்போது அந்த ஆழத்துக்கு இறங்கப் பொறுமை இல்லை.

வெள்ளத்தைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுத முடியாது. என் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குக் கொஞ்சம் தெரிந்த கதைதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2023 டிசம்பர் 17, ஞாயிறு. காலையில் ஆராதனைக்குப் போய் நனைந்து திரும்பினோம். மழை நிற்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது என்பதெல்லாம் பிறகு தெரிந்த கணக்கு. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் எண்ணூறு பேரோடு நின்றுபோனதும், பக்கத்து ஊர்க்காரர்கள் தங்களுக்கே வழியில்லாத நிலையில் அவர்களுக்குச் சோறாக்கிப் போட்டதும் கரண்ட் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் தூத்துக்குடியில் எங்கள் தெரு. கோரம்பள்ளம் குளம் உடைந்துவிட்டது என்று யாரோ கத்திக்கொண்டு ஓடினார்கள். தண்ணீர் முதலில் வாசல்படி, அப்புறம் முழங்கால், அப்புறம் இடுப்பு. பைபிள், ரேஷன் கார்டு, அம்மாவின் மாத்திரை டப்பா. கையில் எடுக்க முடிந்தது அவ்வளவுதான்.

அப்போது அந்த அக்காவோடு எங்களுக்குப் பெரிய பழக்கம் கிடையாது. கிறிஸ்துமஸுக்குத் தட்டு போகும், பொங்கலுக்குத் தட்டு வரும், அதோடு சரி. மாடியிலிருந்து கயிறு கட்டி வாளியை இறக்கி, "பெரியம்மாவ மொதல்ல ஏத்துங்க தம்பி" என்று அவர் சத்தம் போட்டது இன்னும் காதில் இருக்கிறது. எட்டு நாள் அந்த மாடியில் இருந்தோம். அவர்கள் நாலு பேர், நாங்கள் ஐந்து பேர், இரண்டு அறை, ஒரு கக்கூஸ். மூன்றாம் நாள் அவர் வீட்டு அரிசி தீர்ந்தது. பள்ளிவாசலில் ஆக்கிய சோற்றைப் படகில் கொண்டுவந்தார்கள். வாங்கிச் சாப்பிட்டோம். அங்கே என்ன ஓதி ஆக்கினார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. என் அம்மாவும் விசாரிக்கவில்லை. நாசரேத் பக்கத்தில் உபதேசியார் மகளாகப் பிறந்தவர். கண்ணை மூடி ஜெபம் பண்ணிவிட்டு, "எலே, இன்னும் ரெண்டு கை சோறு இருக்கா?" என்று கேட்டார்.

23-ஆம் தேதி தண்ணீர் வடிந்தது. கீழே இறங்கிப் பார்த்தால் வீடெல்லாம் சேறு. பண்டிகைக்குத் திரித்து வைத்த மாவு கல்லாகக் கிடந்தது. பிள்ளைகளின் புதுத்துணி சாக்கடை நாற்றம். அந்த வருஷம் கிறிஸ்துமஸ் கிடையாது என்று நான் முடிவு செய்துவிட்டேன். சேற்றைக் கிளறியபோது அச்சுமுறுக்கு அச்சு மட்டும் கிடைத்தது. என் மாமியார் அவருடைய மாமியாரிடம் வாங்கியது, எத்தனையோ வருஷம் எண்ணெயில் பழகிய அச்சு. துருவேறிக் கிடந்த அதைக் கையில் வைத்துக்கொண்டு என் மனைவி அழுதாள். வீடு போனதற்கு அழாதவள்.

அக்கா அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனார். புளி போட்டுத் தேய்த்து, ராத்திரி முழுக்க எண்ணெயில் ஊறவைத்து, மறுநாள் எங்கேயோ போய் அரிசி மாவு வாங்கிவந்து, கேட்டுக் கேட்டுச் சுட்டார். முதல் பத்து முறுக்கு அச்சை விட்டு வரவில்லை. பதினோராவது வந்தது. "மார்கழி, நான் முட்டை தொட மாட்டேன். தேங்காய்ப்பால் மட்டும் ஊத்திருக்கேன், கோவிச்சுக்காத" என்று சொல்லி ஒரு தட்டு நிறைய நீட்டினார். "வருஷம் வருஷம் உங்க வீட்டுத் தட்டு வரும்லா, இந்த வருஷம் எங்க வீட்டுலருந்து வருது."

அதுதான் எங்கள் வீட்டு 2023 கிறிஸ்துமஸ். விடியற்கால ஆராதனைக்கு அந்த வீட்டுப் பையனின் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். கிறிஸ்துமஸ் முடிந்த இரண்டாம் நாள் திருவாதிரை. களி வந்தது. சேறு கழுவிய தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அன்றிலிருந்து எந்த வருஷமும் தவறியதில்லை. அந்தக் களியைத்தான் கூடையில் கொட்டினீர்கள்.

சகோதரரே, உங்களையும் ஒன்று கேட்கிறேன். அந்த எட்டு நாளில் உங்களிடமிருந்து எனக்கு வந்தது ஒரு படம். கடல்மேல் நடக்கிற இயேசு, கீழே ஒரு வசனம். சார்ஜ் மூன்று சதவீதம் இருந்தபோது அதைத் திறந்து பார்த்தேன். உங்களைக் குறை சொல்லவில்லை, உங்கள் ஊரிலும் மழைதான். ஆனால் இறங்கி வந்த வாளி மாடியிலிருந்துதான் வந்தது.

"அப்படியென்றால் நன்றிக்காகக் கொள்கையை விட்டுவிடலாமா?" என்று கேட்கிறார் இன்னொருவர். எந்தக் கொள்கை? நம் பண்டிகையே வாங்கிக்கொண்டவரின் பண்டிகை. பிறக்க அடுத்தவன் தொழுவம். சவாரிக்கு இரவல் கழுதை. அடக்கம் பண்ண அரிமத்தியா ஊர் யோசேப்பின் கல்லறை. கிணற்றங்கரையில் யூதன் பேசவே கூடாத சமாரியப் பெண்ணிடம் "தாகத்துக்குத் தா" என்று கேட்டவர். கிழக்கிலிருந்து வந்தவர்களை நம் பழைய தமிழ் வேதாகமம் என்னவென்று சொல்கிறது? சாஸ்திரிகள். நட்சத்திரம் பார்த்து வந்த புறஜாதிச் சாஸ்திரிகள். பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் கொண்டுவந்தார்கள். 'இந்தத் தூபம் எந்தக் கோயிலுக்கு வாங்கியது?' என்று மரியாள் விசாரித்தாளா? வருஷா வருஷம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு ஜிகினாக் கிரீடம் வைத்து அந்த நாடகத்தைப் போடுகிறோம். கைதட்டுகிறோம். வீட்டுக்கு வந்து களியைக் கொட்டுகிறோம்.

என் மாற்றுமதத் தோழர்கள் சிலர், "உங்க ஆட்களே இப்படித்தான் பாஸ்" என்று சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறீர்கள். உங்களுக்கும் ஒரு கும்பிடு. கிறிஸ்துமஸ் கேக்கை மதமாற்றக் கேக் என்று போன மாதம் பகிர்ந்தவர்கள் உங்களில் இரண்டு பேர் இருக்கிறீர்கள், பெயர் சொல்லவில்லை. இது எங்கள் வீட்டுச் சண்டை. ஓரமாக நில்லுங்கள்.

ஒரு தம்பி எழுதியதற்கு மட்டும் என்னிடம் நல்ல பதில் இல்லை. "உங்கள் அப்பா காலத்தில் உங்கள் தட்டு எங்கள் தெருவுக்கு வந்ததா அண்ணன்?" என்று கேட்டிருந்தான். வரவில்லை. ஒரே சபை, ஒரே பந்தி, ஆனால் தட்டு அந்தத் தெரு முனையோடு திரும்பிவிடும். சின்ன வயதில் தட்டைத் தூக்கிக்கொண்டு போனவனே நான்தான். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இப்போது எழுதினால் களியிலிருந்து தப்பித்ததாக ஆகிவிடும். எழுதாவிட்டாலும் தப்பித்ததாகத்தான் அவன் சொல்வான். சொல்லட்டும்.

சின்னவள் சனிக்கிழமை ராத்திரி கேட்டாள், "அப்பா, அத்தை குடுத்தது பாவமா?" ஐந்து வயதில் அந்த மாடியில், அந்த அத்தையின் மடியில் தூங்கியவள். இவளுக்கு ஆமென் போட்டவர்கள் யாராவது வந்து பதில் சொல்லுங்கள். நான் "இல்லடா" என்றேன். "அப்ப ஏன் நீங்க மாமாவ ஒண்ணும் சொல்லல?" என்றாள்.

அதுதான். நான் ஒன்றும் சொல்லவில்லை. சோபாவில் உட்கார்ந்திருந்தேன். விருந்தாளி, பெரியவர், மனைவி வழிச் சொந்தம், பண்டிகை நேரம் என்று என்னென்னவோ ஓடியது. அக்கா படியேறுகிற சத்தம் கேட்டது, எழுந்து பின்னால் போகவில்லை. இவ்வளவு நீளமாக இங்கே எழுதுகிறவன் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. சகோதரர் ஞாயிறு பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார்.

தூக்குச்சட்டி இன்னும் எங்கள் அடுப்படியில்தான் இருக்கிறது. பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். மனைவி இன்று சாயங்காலம் அந்தப் பழைய அச்சை எடுத்து எண்ணெய் காயவைத்தாள், முட்டை போடாமல் கரைத்த மாவு. சட்டி நிறைந்துவிட்டது. "நீங்களே கொண்டுபோய்க் குடுங்க" என்று என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டாள். பதினாறு படிதான். ஒரு மணி நேரமாக இதை எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மாடியில் விளக்கு எரிகிறது, இன்னும் தூங்கவில்லை போல.