நைஸா, கொரகொரன்னா?

(மாவு மில். முறுக்குக்கு அரிசித் தூக்கோடு ஓய்வுபெற்ற இங்கிலீஷ் வாத்தியார். மிஷின் பக்கத்தில் முருகேசன்.)

முருகேசன்: சார், நைஸா அரைக்கவா, கொரகொரன்னு விடவா?

வாத்தியார்: நைஸ்ங்கிறது சோம்பேறிச் சொல்லுப்பா. முப்பது வருஷம் பசங்க கட்டுரையில அதைச் சிவப்பு மையால அடிச்சவன் நான்.

முருகேசன்: அப்ப கொரகொரன்னே விடுறேன். முறுக்கு எண்ணெயில பிரிஞ்சா அம்மாகிட்ட நீங்களே பேசிக்குங்க.

வாத்தியார்: (அவசரமாக) நைஸாவே அரை. ஆனா கதையைக் கேளு. லத்தீன்ல 'நெஸ்கியுஸ்'னு ஒரு சொல்லு. ஒண்ணும் அறியாதவன்னு அர்த்தம். அதுல இருந்து வந்ததுதான் நைஸ். 1300 வாக்குல ஒருத்தனை நைஸ்னா, முட்டாள்னு திட்டுறதா அர்த்தம்!

முருகேசன்: அடப்பாவமே!

வாத்தியார்: அறியிறதுக்கு லத்தீன்ல 'ஸ்கீரெ'. சயன்ஸும் அதுல இருந்து வந்ததுதான்.

முருகேசன்: ஒரு வயித்துப் பிள்ளைங்க, ஒண்ணு படிச்சிருச்சு, ஒண்ணு படிக்கல. எங்க வீடு மாதிரியே இருக்கே சார். (அரிசியை மிஷினில் கொட்டுகிறார்) சரி, முட்டாள் எப்ப நல்லவன் ஆனான்?

வாத்தியார்: (மிஷின் சத்தத்துக்கு மேலே கத்தி) படிப்படியாத்தான்! நடுவுல எதுக்கெடுத்தாலும் நொட்டை சொல்றவனுக்கு நைஸ்னாங்க. அப்புறம் நுணுக்கமானதுக்கு. இனிமைங்கிற அர்த்தம் 18-ஆம் நூற்றாண்டுலதான். இன்னைக்கும் 'நைஸ் டிஸ்டிங்ஷன்'னா நுணுக்கமான வேறுபாடு.

முருகேசன்: நுணுக்கம்னா பொடிப்பொடியா இருக்கிறதுதானே? அதைத்தானே சார் நான் முதல்லயே கேட்டேன்!

வாத்தியார்: (யோசித்து) அட... உன் நைஸ் என் நைஸைவிடப் பழசுய்யா. சரி, 'நைஸா நழுவிட்டான்', 'நைஸா பேசிக் காசு வாங்கிட்டான்'னு சொல்றோமே, அது இங்கிலீஷ்காரனுக்கே புரியாது. அந்தக் கள்ளத்தனம் நாம சொல்லிக் கொடுத்தது.

(மிஷின் நிற்கிறது. வாத்தியார் தூக்கைத் திறக்கிறார்.)

வாத்தியார்: ஏம்ப்பா, மாவு ஏன் செவசெவன்னு இருக்கு?

முருகேசன்: (குரலைத் தாழ்த்தி) உங்க பேச்சு சுவாரசியத்துல மிளகாய் அரைச்ச மிஷின்ல போட்டுட்டேன் போலிருக்கு. முறுக்குக்குக் காரம் நல்லதுதானே சார்? மிளகாய்ப்பொடிக்குத் தனியா காசு கேக்க மாட்டேன்.

வாத்தியார்: முருகேசா, நீ ரொம்ப நைஸான ஆளுய்யா!

முருகேசன்: எந்த வருஷத்து நைஸ் சார்?

வாத்தியார்: 1300!